வரிக்கு வரி ஒரே புரோகிராம்

கண்ணு,

அடுப்பில் சோறும் பருப்பும் இருக்கின்றன. பல்கலைக்கழக விசாரணைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நானும் கூட வந்திருப்பேன். ஆம்புலன்ஸ் ஓட்ட இன்று வேறு ஆள் இல்லை. வீட்டுச் சாவி ஜன்னலோரம் இருக்கிறது.

நேற்று "நீயே எழுதினதுதானேம்மா?" என்று உன்னிடம் கேட்டிருக்கக் கூடாது. "நீங்களுமாப்பா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். உன் புரோகிராமும் இன்னொரு மாணவியுடையதும் வரிக்கு வரி ஒன்றுதான் என்று பல்கலைக்கழகத்திலிருந்து போனில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் படிப்பில் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பயத்தில் கேட்டுவிட்டேன்.

காலையில் உன் தோழி சுருட்டை வந்தாள். வாசலிலேயே அழுதுவிட்டாள். "அங்கிள், அவ லேப்டாப்லேருந்து நான்தான் எடுத்தேன். அவளுக்குத் தெரியாது. ஏற்கனவே ஒரு தடவை காப்பியடிச்சு மாட்டியிருக்கேன், இன்னொரு தடவைன்னா வெளியே அனுப்பிடுவாங்க. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

உண்மை வெளியே வந்தால் அவள் படிப்பு போச்சு. வராவிட்டால் நீதான் அவளிடமிருந்து எடுத்தாய் என்று உனக்குப் பூஜ்யம், ஒரு வருடம் வீண். "இப்படிச் செய்" என்று சொல்லத்தான் அப்பா. எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லையம்மா.

– அப்பா

இன்னொன்று. அவளைத் திட்டவும் முடியவில்லை, போகச் சொல்லவும் மனசு வரவில்லை. கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீ திடுதிப்பென்று வந்து அவளைப் பார்க்க வேண்டாமே என்றுதான் இதை உன் கதவடியில் தள்ளுகிறேன்.