நீலம் வேண்டாம்

என் செல்ல மகளுக்கு,

அலைமேல் நிற்கப் பழகுவதற்கு வாங்கப்போகும் பலகைகள் என்று நீ மங்களூரிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். புதிதாகப் பழகுகிறவர்களை நீளமும் அகலமும் உள்ள பலகைதான் ஆடாமல் தாங்குமாமே. சரி, நீளமானதையே வாங்கு. காலில் கட்டும் கயிறு உறுதியாக இருக்கிறதா என்று நீயே இழுத்துப் பார்.

“சும்னே பயப்படாதே, அவளுக்கு நீச்சல் தெரியும்” என்கிறார் அப்பா, வழக்கம்போலக் கன்னடம் கலந்து. நீச்சல் நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

நீ என்னிடம் கேட்டது நிறம் மட்டும்தான். நீலம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மஞ்சளை வாங்கு, கண்ணு. நஞ்சன்கூடு ஆற்றில் இறங்கிய அன்று உன் அண்ணன் நீலச் சட்டை போட்டிருந்தான். எனக்குத் தண்ணீர் முழுக்க அவன் சட்டையாகவே தெரிந்தது.

இன்னும் கரையில் நிற்கும்
உன் அம்மா