மழை பார்த்து வாங்கிய வீடு

செப்டம்பர் 8, ஞாயிறு

புதுமடத்தில் ஒரு பழைய வீடு பார்த்தோம். சுண்ணாம்புக் கட்டு, உயரமான கூரை, அறைக்கு அறை கடல் காற்று. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. போன மாதம் சவூதியை விட்டு ஒரேயடியாக வந்துவிட்ட என் கணவர் நவ்ஷாத் மச்சானுக்கும்தான். புதிதாக வெள்ளையடித்த வாசம் எங்கும். மேற்கு அறையில் பீரோவுக்குப் பின்னால் சும்மா கையை விட்டேன். சுவர் ஈரத்தில் சில்லென்றது. விரலில் உப்பு உதிர்ந்து வந்தது.

ஓதம்.

செப்டம்பர் 9

மகள் ருக்ஸானாவுக்கு இளைப்பு உண்டு. முன்பு இருந்த வாடகை வீட்டில் பூசணம் பிடித்தபோது ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி அவளை உட்கார வைத்திருந்தோம். "வேணாம், விட்ரு" என்றார் மச்சான். கொஞ்சம் கழித்து அவரே, "டைல்ஸ் ஒட்டிட்டா தெரியாதுல்ல?"

கண்ணுக்குத் தெரியாது. பிள்ளையின் நெஞ்சுக்கு?

செப்டம்பர் 11

தனியாகப் போய் வீட்டுக்காரி ரம்ஜான் பீவி மாமியிடம் நேராகவே கேட்டேன். கணவர் மவுத்தான பிறகு திருச்சியில் மகனோடு போய் இருக்கப் போகிறவர்.

"மறைக்கத்தான் பீரோவ அங்கன தள்ளி வச்சேன். வந்தவுக எல்லாம் ஓதத்தப் பாத்துட்டு ஓடிட்டாக. நான் என்னம்மா செய்ய?"

கோபப்படத்தான் போயிருந்தேன். வரவில்லை.

"வாடகைக்கு விடுங்க மாமி. ஒரு மழைக்காலம் இருந்து பாக்குறோம். சரிப்பட்டா வாங்கிக்கிறோம்."

"சரிப்படலேன்னா?"

"சாவியக் குடுத்துட்டுப் போயிருவோம்."

தேநீர் ஆறிப்போகும்வரை யோசித்தார். "தை வரைக்கும் வேற ஆளுக்குச் சொல்ல மாட்டேன். போ."

அக்டோபர் 3

மாமி திருச்சிக்குப் போனார், நாங்கள் குடி வந்தாயிற்று. ருக்ஸானா மேற்கு அறைப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.

அக்டோபர் 13

உச்சிப்புளியிலிருந்து கொத்தனார் சோணைமுத்து வந்தார். மேற்குச் சுவருக்கு வெளியே மண் மேடேறி உள்தரையைவிட உயர்ந்து கிடக்கிறது. துணி துவைக்கும் தண்ணீரும் அங்கேயே ஊறுகிறது. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசியிருப்பதால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. மண்ணை இறக்கி, தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி, சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூசலாம் என்றார்.

"அப்ப ஓதமே வராதா?"

"கடக்கரையில அப்புடி வீடு கெடையாதும்மா. ஆனா நல்லாக் குடியிருக்கலாம்."

மாமிக்குப் போன் செய்தேன். "உரிச்சுக்க" என்றார்.

அக்டோபர் 16

மண்வெட்டியை மச்சானே எடுத்துக்கொண்டார். சவூதியில் கிரேன் ஓட்டிய கை, மதியத்துக்குள் கொப்புளம். நான் கூடையில் மண் சுமந்தேன்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்ச மொத வேலை இதுதான்ல?"

"அப்ப ருக்ஸானா?"

மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

நவம்பர் 20

மழை. விடாத மழை. தெருவே தெரியவில்லை. புதுச் சுண்ணாம்பு பூசிய மேற்குச் சுவரில் கீழே ஒரு முழத்துக்கு ஈரம் கறுப்பாக ஏறிவிட்டது — யா அல்லாஹ், தப்புப் பண்ணிட்டேனா? அடுத்தவுக வீட்டு மேல கைய வச்சு, பிள்ளையையும் கூட்டியாந்து... மச்சான் மண்வெட்டியோடு வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார். திட்டினால்கூடத் தேவலை.

நவம்பர் 22

ருக்ஸானா இருமவில்லை.

டிசம்பர் 1

நல்ல வெயில். சுவர் மேலிருந்து வெளுத்துக்கொண்டே வருகிறது. பூத்த உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிட்டேன். மூக்கை ஒட்டி மோந்து பார்த்தேன். பூசண வாடை இல்லை.

"வாங்கிருவமா மச்சான்?"

"மண்ண வெட்டுன அன்னைக்கே நான் வாங்கிட்டேன். நீதான் யோசிச்சுக்கிட்டு இருக்க."

ஜனவரி 27

பத்திரம் முடிந்தது. மாமி என் கையை விடவேயில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 10

திடீர் கோடை மழை. மாமி திருச்சியிலிருந்து போன்.

"அங்கன மழையாமே. சுவரு எப்புடிம்மா இருக்கு?"

மேற்கு அறைக்குப் போனேன். ருக்ஸானா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கச் சொன்னால் சண்டைக்கு வருவாள், அறை அவளுடையதாம்.

"நனைஞ்சுதான் இருக்கு மாமி."

"அடடா..."

"இருக்கட்டும் மாமி. நீங்க நோன்புப் பெருநாளைக்குத்தான் வரல, ஹஜ்ஜுப் பெருநாளைக்காவது வாங்க."