அமாவாசையன்று எழுதிய பதினொரு தேர்வுகள்

அனுப்புநர்
மா. தணிகாசலம்,
கைத்தறி நெசவாளர்,
14, தறிக்காரச் சந்து,
சின்ன காஞ்சிபுரம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
இணையவழிப் பாட வடிவமைப்புக் குழு,
காஞ்சிபுரம்.

பொருள்: என் மகள் த. ஜீவிதா (பத்தாம் வகுப்பு) மீது பதிவான 'கூட்டு முறைகேடு' குறிப்பை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் குழு 12.11.2024 அன்று கூடி, நான்கு மணி நேரம் விவாதித்து, பாடத்தின் தொடக்கத்தில் வணக்கம் சொல்லும் கிளி இனி பச்சையாக இராது, நீலமாக இருக்கும் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. பச்சைக் கிளி மாணவரை மையப்படுத்தவில்லை என்று சுற்றறிக்கை விளக்கியது. நீலக் கிளியைப் பற்றி எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை.

1. அக்டோபர் மழையில் பள்ளிக் கட்டடம் விரிசல் விட்டு மூடப்பட்டதால் பிள்ளைகள் செல்போனில் படிக்கிறார்கள். மாதத் தேர்வை அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் எழுதலாம். எழுதும்போது செல்போன் அக்கம்பக்கச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஏதேனும் கேட்டால் 'பிறர் உதவி' என்று பதிந்து தேர்வை மூடிவிடும்.

2. என் வீடு ஓர் அறை. அதில் முக்கால்வாசி தறி. நெய்யும்போது தறிப் பலகை அடிக்கும் சத்தத்தை, ஜீவிதாவுக்கு விடை சொல்லிக்கொடுக்கும் குரல் என்று செல்போன் மூன்று முறை பதிந்தது. தறிக்கு அவ்வளவு கணக்குத் தெரியும் என்பது, இருபத்தாறு வருடம் அதில் உட்கார்ந்த எனக்கே தெரியாது. தறியை நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறி கேட்டது.

3. எங்கள் சந்தில் பதினொரு தறிகள், பதினொரு பிள்ளைகள், பதினொரு வசதிப்பட்ட நேரங்கள். அடுத்த வீட்டுக் காந்தாதான் வழி சொன்னார்: "எல்லாத்தையும் அமாவாச அன்னிக்கு எழுதச் சொல்லுபா. அன்னிக்கு எந்தத் தறி ஓடுது? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கியே!" அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்காருவதில்லை. 30.12.2024 அமாவாசை. பதினொருவரும் அவரவர் வீட்டிலிருந்தே எழுதினார்கள். ஜீவிதாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

4. ஒரே தெருவில் பதினொருவர் ஒரே நாளில் எழுதியதால், மறுநாள் அது 'கூட்டு முறைகேடு' ஆயிற்று. மதிப்பெண்கள் நீக்கப்பட்டன. உதவி எண்ணை அழைத்து அமாவாசையை விளக்கினேன். "அந்தப் பேர்ல லீவு லிஸ்ட்ல ஒண்ணும் இல்லியே சார்" என்றார் பேசியவர். அடுத்த முறை ஆளுக்கொரு அமாவாசையில் எழுதுமாறு அறிவுறுத்தினார்.

5. திங்கட்கிழமை வந்த பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலில், அந்தக் குறிப்பால், ஜீவிதா இல்லை. திருத்தத்துக்குக் கடைசி நாள் 24.01.2025.

அதற்குள் ஓர் அலுவலரை ஏதேனும் ஒரு வேலை நாளில் எங்கள் சந்துக்கு அனுப்பி, ஐந்து நிமிடம் நின்று கேட்கச் செய்து, பதினொருவர் மீதுள்ள குறிப்பையும் நீக்கி, என் மகளின் பெயரைப் பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். விடைகள் அவளுடையவை.

இடம்: சின்ன காஞ்சிபுரம்
நாள்: 22.01.2025

இப்படிக்கு,
மா. தணிகாசலம்

குறிப்பு: விசாரணைக்கு மாணவி தேவைப்பட்டால், காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை வீட்டில் இருப்பாள். கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, தறியில் கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமை முதல் ஜீவிதா போடுகிறாள்.