பௌர்ணமியன்று சாத்திய கடை

மணிமொழிக்கு,

பக்கத்துக் கடைக்காரிக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. ஒரு வருஷமாக உன்னோடு பேசாத வாய், நேரில் திறக்க மாட்டேன் என்கிறது.

கிரிவலத்தில் அன்னதானம் செய்கிறோம், தண்ணீர் பாட்டில் வேண்டும் என்று போனில் ஒருவன் கேட்டான். அண்ணாமலையார் பெயரைச் சொல்லி எவன் ஏமாற்றுவான்? அட்வான்ஸ் வரும் என்று நம்பி, அவன் போனில் அனுப்பிய QR கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டேன். மகளின் காலேஜ் பீஸ் மொத்தமும் போய்விட்டது.

சண்டைக்குப் பின் நம் கடைகளுக்கு நடுவே நான் கட்டிய தட்டியைத் தாண்டி என் அழுகை உனக்குக் கேட்டிருக்கிறது. எப்படி ஏமாந்தாய் என்று நீ கேட்கவில்லை. "அழுவறது அப்புறம். மொதல்ல சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் போடு" என்றாய். மாதம் முழுக்க நமக்குச் சோறு போடும் பௌர்ணமியன்று ஷட்டரை இழுத்துவிட்டு, என்னை சைபர் கிரைம் போலீசுக்குக் கூட்டிப்போனாய்.

"உடனே சொன்னதால பணத்தை பேங்க்ல நிறுத்திட்டாங்கம்மா" என்று அந்தப் போலீசம்மா சொன்னபோது நீயும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாய்.

நம் சண்டையைப் பற்றி அன்று நீ பேசவில்லை. நானும் இதில் எழுதவில்லை.

தட்டியை அவிழ்த்துவிட்டேன். மலை சுற்றுகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த நீ, ஒரு பௌர்ணமிகூட சுற்றியதில்லை. இந்த முறை உன் கடையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். போய்விட்டு வா.

இப்படிக்கு,
பக்கத்துக் கடைக்காரி