அக்கா சுற்றிய காயில்

அக்காவுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச்சை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

கைப்பிடியைச் சுற்றினால் எரியுமே, அறிவியல் போட்டியில் ஜெயித்து என்னை இந்த நாடு வரை கொண்டுவந்த அந்த விளக்கு, பெட்டிக்குள் அடிபட்டுவிட்டது. இன்று இங்குள்ள பள்ளியில் சுற்று சுற்று என்று சுற்றினேன். எரியவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒரு பெண் ஸ்குரூடிரைவரோடு ஓடிவந்து, “வா, சேர்ந்தே சரி பண்ணலாம். காயிலுக்குக் கம்பிய எத்தனை சுத்து சுத்தின?” என்று கேட்டாள்.

என்னோடு வந்திருக்கும் நம் பள்ளி டீச்சர் வேறு, “ராத்திரி பகலா முழிச்சு இவளே தனியா செஞ்சது!” என்றார். தலை வலிக்கிறது என்றேன். மாத்திரை கொடுத்து, விளக்கைச் சரிசெய்வதை நாளைக் காலைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

“மோட்டார் கடையில காயில் சுத்துறவள போட்டியில சேத்துப்பாங்களா? படிக்கிறவ பேருல குடு” என்று அப்பா சொன்னபோது, நீ செய்த விளக்கை என் பேரில் கொடுக்க ஏன் தலையாட்டினாய்? நான்தான் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன்?

டீச்சர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அப்பா முகம் அதற்கு மேல். ஆனால் எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாதே. கம்பி கிழித்த உன் விரல்தான் தெரியும். நாளை அந்தப் பெண்ணிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தருவேன். திட்டுவதானால் அப்போது திட்டு. திட்டி முடித்ததும், அவள் கேட்டதற்கு நீயே பதில் எழுதிக் கொடு.

உன் வாலு