சர்க்கரை பாட்டில் மூடி

என்னங்க,

ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. ஃபிளாஸ்க்குல டீ இருக்கு, சர்க்கரை போட்டாச்சு. பத்து மணிக்குக் கம்பெனி டாக்டர் உங்க கையைப் பார்க்கிறார். பழைய ரிப்போர்ட்டை மறந்துடாதீங்க.

நேத்து நான் கத்தினது தப்புதான். ஆனா, "கை தேறிடுச்சு, பிரஸ் மிஷின்லயே திரும்பப் போடுங்க"ன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க. கம்பெனி கேட்டுல உக்கார்ந்து வண்டி நம்பர் எழுதுறது உங்களுக்குக் கேவலமா இருக்கலாம். அந்த மிஷினுக்கு ரெண்டு விரல் கொடுத்தது போதும்.

இடமில்லாம ஓரத்துல எழுதுறேன், நேர்ல சொல்ல வாய் வரல. "பார், நானே திறக்கிறேன்"னு தினமும் சர்க்கரை பாட்டிலைத் தூக்கிக் காட்டுறீங்களே, அந்த மூடியைக் காலையில நான்தான் தளர்த்தி வைக்கிறேன்.

இன்னிக்கு இறுக்கி மூடிட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடி திறந்து பாருங்க.