தம்பி கைதட்டாத அடி

2003 ஐப்பசி, ஞாயிறு ராத்திரி.

தம்பி முருகையனோட போலீஸ் படம் பார்த்தேன். அண்ணனைக் கொன்னவங்களை இன்ஸ்பெக்டர் தேடித் தேடிச் சுட்டான். ரெண்டு பேரும் விசிலடிச்சோம்.

வீட்டுல என் மகன் கேட்டான்: "வலை திருடினீங்கன்னு செவப்புத் தொப்பி போலீஸ்காரன் ஒருத்தன் உங்க காலை ஒடைச்சானே சித்தப்பா, போலீசுக்கா விசிலு?"

"படத்துல அடி வாங்குறவன் நெசத் திருடன்டா" என்றான் தம்பி.

படத்துல அதுதான் ருசி. தம்பி அடி வாங்கின அந்த வலை திருடு போகவே இல்லை. நீரோட்டத்துல போய் அடுத்த ஊர்க்காரன் வலையோட சிக்கிக் கெடந்துச்சு.

ஆனா படத்துலயும் ஒரு எடத்துல, ஒண்ணும் தெரியாதுன்னு அழுதவனையும் இன்ஸ்பெக்டர் மிதிச்சான். கொட்டகையே கைதட்டுச்சு. தம்பி என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டான்.

நாளைக்கும் போவோம். அடி வாங்கினவனே போலீசுக்கு விசிலடிக்கிறான்னு எவன் சிரிச்சா என்ன? அந்த எடம் வந்தா மட்டும் வெளியே போய் டீ குடிச்சுட்டு வருவோம்.